அளவாத்தான்

திருவொற்றியூரில் எங்கள் மாடியிலிருந்து
கடல் இரண்டு தெரு.
அதில் ஒரு குவளைகூட
இந்தத் தொட்டிக்கு ஆகாது.
எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பும் நாளில்
ஏனென்று மூக்கே சொல்லிவிடும்.

அதனால் கொளத்தூர் போய் வாளி உப்பு வாங்கி
ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து,
லாரித் தண்ணீரின் உப்பையெல்லாம் ஆர்.ஓ.வில் களைந்து
மறுபடி உப்புப் போடுகிறேன்.
"பைத்தியக்காரத்தனத்துக்கு ஒரு அளவில்லையா?"
என்பாள் ரெஜினா.
இருக்கிறது.
லிட்டருக்கு முப்பத்தெட்டு கிராம்.

இரவு பதினொன்று. சட்டைகூட மாற்றாமல்
சிரிஞ்சை எடுக்கிறேன்.
குழாயில் நான்கு மில்லி நீர், இரண்டு சொட்டு நீலம்.
பிறகு அமிலம், சொட்டுச் சொட்டாக,
ஆட்டி ஆட்டி,
நீலம் தளர்ந்து இளஞ்சிவப்பாகும்வரை.
காரத்தன்மை ஏழு புள்ளி மூன்று.
முந்தாநாள் எட்டு.
பகலெல்லாம் விளக்கடியில்
எலும்பு கட்டியிருக்கிறது பவளம்.
கூலி கேட்காத கொத்தனார்,
சுண்ணாம்பு மட்டும் குறையக் கூடாது.
குறைந்ததை ஒரே நாளில் ஏற்றவும் கூடாது,
நுனி வெந்துவிடும்.

பிழைப்பும் எனக்கு இதேதான்.
ராயபுரத்தில் டயாலிசிஸ், எட்டு மெஷின்.
அங்கும் இரண்டு கேன்:
ஒன்றில் பைகார்பனேட், ஒன்றில் கால்சியம்.
கடைசி நொடியில்தான் சேரவேண்டும்.
முந்திச் சேர்ந்தால்
திரிந்து, வெள்ளையாய்ப் படிந்து,
யாருக்கும் உதவாது.

மூன்றாம் கட்டிலில் தஸ்தகீர் பாய்.
பதினெட்டு வருஷம் தண்ணி லாரி ஓட்டியவர்.
இப்போது நாளுக்கு எண்ணூறு மில்லி.
"ஒன்பதாயிரம் லிட்டர் ஏத்திட்டுப் போவேன் தம்பி,
ரோடெல்லாம் சிந்தும்,
திரும்பிப் பாத்ததில்ல."
கன்னத்தில் ஒரு ஐஸ்துண்டை அடக்கியபடி
என் போனில் தொட்டியை வெகுநேரம் பார்த்தார்.
"இதுக்கு எவ்ளோ தண்ணி குடுக்குற?"
முந்நூறு லிட்டர் என்று
சொல்ல வாய் வரவில்லை.
"அளவாத்தான் பாய்."

தொட்டி படுக்கையறையில்.
ஏசி அங்கேதான் இருக்கிறது,
மே மாதம் இருபத்தாறு டிகிரி வேறெங்கே கிடைக்கும்?
கதவடைத்து இரண்டு பேர் தூங்கினால்
விட்ட மூச்செல்லாம் நீரில் கரைகிறது.
விடிவதற்குள் நீர் புளிக்கிறது.
ஜன்னலைத் திறப்போம் என்றேன்.
கொசு, கரண்ட் பில் என்று ஆரம்பித்தவள்
சட்டென்று நிறுத்தி,
"நான் மூச்சு விடுறதும் உனக்கு இடைஞ்சலா?"

வேதியியல்படி ஆமாம்.
நான் பதில் சொல்லாததை
அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள்.
தூத்துக்குடியில் அக்கா வீடு.

நோட்டில் இருக்கிறது:
சனி, பி.எச். ஏழு புள்ளி ஏழு ஒன்பது.
ஞாயிறு, ஏழு புள்ளி ஒன்பது இரண்டு.
திங்கள், ஏழு புள்ளி ஒன்பது நான்கு.
மூன்று வருஷத்தில் இப்படி விரிந்ததில்லை பவளம்,
கல்யாண வீட்டு வாசல் மாதிரி
ஊதாவும் பச்சையுமாய்.
வீட்டில் ஓர் ஆள் குறைந்ததை
இவ்வளவு சுத்தமாக
வேறு யாரும் எனக்கு எழுதிக்காட்டியதில்லை.
சோறு வடிக்கும்போது
அரிசியை இரண்டு ஆளுக்கே போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் நள்ளிரவு கடந்து
கோயம்பேட்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள்.
ஒரு வார்த்தை இல்லை.
பை வைத்த இடத்தில் இருக்க,
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தேன்.
ஏழு புள்ளி எட்டு ஒன்று.
எழுதினேன்.
காரணம் என்ற பத்தியை
அப்படியே விட்டுவிட்டு
ஜன்னலை ஒரு சாண் திறந்தேன்.
உள்ளே வந்த முதல் கொசுவை
தட்டாமல், சத்தமில்லாமல்,
கைக்குள் மூடிப் பிடித்தேன்.